வளையலை முந்திய கிடார்

சரியாக வாசிப்பதும் நன்றாக வாசிப்பதும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை ஒரே ஒரு முறை ஒரு வளைகாப்புக்கு அனுப்பி, பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் கிடாரோடு உட்கார வைக்க வேண்டும். நான் அப்படி உட்கார்ந்து எழுந்தவன். அதனால்தான் சொல்கிறேன்.

என் பிழைப்பு எலக்ட்ரானிக் தராசு சர்வீஸ். திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலும் மளிகைக் கடைகளிலும் தராசுக்குக் கிறுக்குப் பிடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கிராம் கூடுதலாகக் காட்டினாலும் எனக்குத் தூக்கம் வராது. (கடைக்காரருக்கு நன்றாக வரும். குறைத்துக் காட்டினால்தான் அவருக்கு வராது.)

இந்தப் புத்தியோடுதான் கிடாரும் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் கிடையாது. ஃபோனில் வீடியோக்களும், தாளம் எண்ணும் ஒரு ஆப்பும்தான். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்குரல் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று சலிக்காமல் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவளுக்கு ஒரு மயிரிழை முந்தாமல், பிந்தாமல் வாசிப்பேன். நாகல்நகரில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டு ஓனர் இருந்தார். ஒருநாள் படியில் மறித்துக் கேட்டார்: “தம்பி, மேல தையல் மிஷின் போட்டிருக்கீகளா? கரண்டு பில்லு கூட வரும்ல, அதான் கேட்டேன்.”

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தையல் மிஷின் ஒரு தையலைக்கூடத் தவறவிடாது அல்லவா?

கல்யாணமான புதிதில் என் மனைவி கோமதியை எதிரில் உட்கார வைத்து, விரல்கள் பின்னிக்கொள்ளும்படியான கஷ்டமான உருப்படி ஒன்றை முழுதாக வாசித்துக் காட்டினேன். ஒரு பிசிறு இல்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் கன்னத்தில் கைவைத்தபடி காத்திருந்தாள். “நல்லா இருக்குங்க. பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?” என்றாள்.

கோமதிக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம். வீட்டில் மல்லிகையும் கோழிக்கொண்டையும் போட்டிருக்கிறார்கள். அவள் அம்மா, அதாவது என் அத்தை, பூப் பறிக்கும்போது பாடுவார். அவராகவே கட்டிய பாட்டுகள். ஆனால் ஆள் அரவம் கேட்டால் போதும், பாட்டு முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மாப்பிள்ளையான என் எதிரில் அவர் இருமக்கூட மாட்டார்.

எங்களுக்கு முதலில் உண்டான பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இரண்டாவது முறை உண்டானபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாதங்களை ஓட்டினோம். ஏழாம் மாதம் பிறந்து, அத்தை வீட்டிலேயே வளைகாப்பு என்று முடிவானபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். என்ன வேண்டும் என்று கோமதியிடம் கேட்டேன். புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. “எனக்கு வளையல் போடும்போது அம்மா பாடணும். பாப்பா கேக்கணும்” என்றாள்.

அத்தை பின்வாங்கினார். “அம்புட்டுப் பேருக்கு முன்னால நான் எங்கிட்டுப் பாட? போடி அங்கிட்டு.”

“உன் மாப்ள கிடார் வாசிப்பாரும்மா. அதுக்குப் பின்னாடி நீ ஒளிஞ்சுக்க” என்றாள் கோமதி. அந்த ஒரு உறுதிமொழியை நம்பித்தான் அத்தை சம்மதித்தார். அந்த உறுதிமொழியைக் காப்பாற்றவேண்டியவன் நான்.

பாட்டைக் கோமதி ஃபோனில் பதிவு செய்துகொண்டு வந்தாள். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பாட்டு ஒரே வேகத்தில் இல்லை. ஒரு வரி நடக்கிறது, அடுத்த வரி நிற்கிறது, திடீரென்று நாலு எட்டு ஓடிவிட்டு மறுபடியும் நிற்கிறது. தராசு சர்வீஸ்காரன் என்ன செய்வான்? ஒவ்வொரு வரியையும் அளந்து, கூட்டி, வகுத்து, சராசரி வேகத்தைக் கண்டுபிடித்து ஆப்பில் ஏற்றினேன். அதற்குப் பொருத்தமாகப் பத்து விரலுக்கும் வேலை வைத்து ஒரு வாசிப்பைத் தயார் செய்து, வாரக்கணக்கில் சாதகம் செய்தேன். (அத்தையிடம் ஒரு தடவை உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. பாட்டைத்தான் சரிசெய்துவிட்டேனே!)

அன்று காலையிலேயே பந்தலுக்குள் ஆம்ப்ளிஃபயரும் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரும் கட்டியிருந்தார்கள். சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்க, என் ஃபோனை ஆம்ப்ளிஃபயரோடு புளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டை ஓடவிட்டேன். பிறகு அந்த இணைப்பைத் துண்டிக்க மறந்துபோனேன். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களெல்லாம் வெளியே இருக்க, உள்ளே பெண்கள் நடுவில் நான் மட்டும் கிடாரோடு ஒரு ஸ்டூலில். சும்மா விடுவார்களா? ஆளுக்கொரு கை சந்தனம் என் கன்னத்திலும் கையிலும் அப்பினார்கள். கோமதி மணையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் வேப்பங்கொழுந்துக் காப்பு ஏறியது. பிறகு கண்ணாடி வளையல் தட்டோடு எரியோட்டுப் பெரியம்மா வந்தார். அவர் அத்தையின் அக்கா, எரியோட்டில் வாழ்க்கைப்பட்டவர். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர்.

நான் ஆப்பைத் தட்டினேன். காதில் ‘ஒன், டூ’ தொடங்கியது. தலையை ஆட்டினேன். அத்தை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, எலிக்குரலில் ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவர் அடுத்த வரிக்கு வந்தபோது நான் அதற்கடுத்த வரியில் இருந்தேன்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டிருக்கலாம். கிடாருக்கு வைத்திருந்த மைக்கில் எல்லோரும் கேட்கும்படி, “அத்தே, ரெண்டாவது வரில பிந்திட்டீங்க. நான் தலையை ஆட்டுறப்ப கரெக்டா எடுத்துருங்க” என்றேன்.

அத்தை, “சரிங்க மாப்ள” என்றார். வகுப்பில் பேர் சொல்லி எழுப்பிய பிள்ளை மாதிரி நின்றார். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரியும்.

மறுபடி தொடங்கினோம். ஆரத்தித் தட்டோடு குறுக்கே போன ஒரு சித்தியின் கை வளையலில் என் இயர்ஃபோன் ஒயர் மாட்டி, ஃபோனிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ஃபோன் சும்மா இருக்குமா? காலையில் பழகிய ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் போனது. வேப்பமரத்து உச்சியிலிருந்து அந்த வெள்ளைக்காரி ஊருக்கே கேட்கும்படி எண்ண ஆரம்பித்தாள்: “ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!”

வேறு யார் செய்திருந்தாலும் சிரித்து நிறுத்தியிருப்பார்கள். ஆனால் செய்தவன் மாப்பிள்ளை. மாப்பிள்ளை செய்தால் அதில் ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். எரியோட்டுப் பெரியம்மா அதை எல்லோருக்கும் முந்தி நம்பினார். “மாப்ள கணக்குச் சொல்றாருடி, சட்டுப்புட்டுன்னு எடுத்துக் குடு” என்று பக்கத்தில் இருந்தவளை விரட்டி, ‘ஒன்’னுக்கு ஒரு வளையலை எடுத்தார், ‘டூ’வுக்கு விரல்களைக் கூட்டிப் பிடித்தார், ‘த்ரீ’க்குத் தள்ளினார். ‘ஃபோர்’ வருவதற்குள் அது மணிக்கட்டில் இருந்தாக வேண்டும். கர்ப்பத்தில் கோமதியின் கை வீங்கியிருந்தது.

டக்கென்று ஒரு சத்தம். வளையல் உடைந்தது.

அத்தை பாட்டை விட்டார். நான் வாசிப்பை விட்டேன். பந்தலில் ஒரு சத்தமில்லை, மரத்து உச்சியைத் தவிர. “ஒன்! டூ! த்ரீ! ஃபோர்!” நான் ஃபோனைத் திறக்கப் பார்த்தேன். விரலெல்லாம் சந்தனம், ரேகையை ஃபோன் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்தேன், சட்டையில் துடைத்தேன், ஏற்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெளியே யாரோ ஆம்ப்ளிஃபயருக்கு வரும் கரண்டு ஒயரைப் பிடுங்கினார்கள்.

கோமதியின் கட்டைவிரல் அடியில் பொட்டாக ரத்தம். பெரியம்மா, “ஐயோ, என் கையாலயா” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பேசாத அந்த முதல் பிள்ளை அப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. என்னால்தான் என்ற நினைப்பைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை.

அப்போது கோமதி சிரித்தாள். மெல்லத் தொடங்கி, வயிறு குலுங்கும் அளவுக்குச் சிரித்து, சந்தனக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அழுகாதீங்க பெரியம்மா. கண்ணேறெல்லாம் வளையலோட போயிருச்சு. உள்ள பாப்பா உதைக்குது, இந்தாங்க, தொட்டுப் பாருங்க” என்று அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். பெரியம்மா தொட்டுப் பார்த்தார். அத்தையும் வந்து தொட்டார். ஒவ்வொருவராகத் தொட்டார்கள்.

“இப்ப பாடும்மா” என்றாள்.

அத்தை என்னைப் பார்த்து ஒரு அடி ஒதுங்கினார். “மாப்ள வாசிக்கட்டும் கோமு. நான் கூட நின்னுக்கிறேன். நடுவுல வந்து கெடுத்துப்புடுவேன்.”

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தருகிறேன் என்று கூட்டிவந்து, அவரை நடுச்சபையில் நிறுத்தித் தப்புக் கண்டுபிடித்திருக்கிறேன். “நீங்க கெடுக்கல அத்தே, நான்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் கோமதி என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேருந்தான். ஏங்க, அந்த ஃபோனைத் தூக்கி அங்கிட்டுப் போடுங்க. என் கையைப் பாத்து வாசிங்க.”

மைக் இல்லை, ஆம்ப்ளிஃபயர் இல்லை. அத்தை மகளின் பின்னால் நின்று, அவள் தலையில் கைவைத்துப் பாட ஆரம்பித்தார். அப்போதுதான் அந்தப் பாட்டை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

“மெல்ல மெல்ல ஏறு வளை,
மேடு தாண்டி ஏறு வளை,
செல்லமக கை வலிக்கும்,
செத்த நின்னு ஏறு வளை…”

வாரக்கணக்கில் அந்தப் பாட்டின் வேகத்தை அளந்திருக்கிறேன், சொல்லைக் கேட்டதில்லை. வளையல் விரல்களில் வழுக்கிக்கொண்டு வரும், பாட்டு நடக்கும். கணு மேட்டில் வந்து வளையல் நிற்கும், பாட்டும் நிற்கும். பெரியம்மா தடவித் தடவி அமுக்கி, அது மேட்டைத் தாண்டி மணிக்கட்டில் விழுந்து கிலுங்கியதும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு துள்ளல். பதிவு செய்யும்போதும் கோமதி வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் சராசரி எடுத்திருக்கிறேன்.

தயார் செய்து வைத்திருந்த வாசிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இரண்டே இரண்டு சுரக்கட்டு, கிடார்காரர்கள் ‘கார்ட்’ என்பார்களே, அதையும் சந்தனம் வழுக்கித் தப்புத் தப்பாகப் பிடித்தேன். வளையல் மேட்டில் நிற்கும்போதெல்லாம் விரலைக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அத்தையின் எலிக்குரல் எந்த வரியில் பெரிதானது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு கட்டத்தில் பெண்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தனம் பட்டுவிட்டது என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோது அத்தை தன் கையாலேயே புளிசாதம் வைத்தார். இலையைப் பார்த்தபடி, “நல்லா வாசிச்சீங்க மாப்ள” என்றார். எத்தனை இடத்தில் தப்பாக வாசித்தேன் என்று கணக்குச் சொல்ல வந்தேன். கோமதி தூரத்திலிருந்து முறைத்தாள். சாதத்தைச் சாப்பிட்டேன்.

தாமரை நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். ரெட்டியார்சத்திரம் பக்கம் எனக்கு இன்று வரை சொந்தப் பெயர் கிடையாது. ‘ஒன் டூ மாப்ள’தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஆரத்தி எடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் “ஒன், டூ” என்பார்கள். என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மாமனார்கூட வாசலிலிருந்து “த்ரீ, ஃபோர்” என்று முடித்துவைப்பார். எரியோட்டுப் பெரியம்மா மட்டும் சிரிக்காமல், “பாவம், விடுங்கப்பா, புள்ள கணக்குத்தான சொன்னுச்சு” என்பார். அதற்குத்தான் எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.

போன மாதம் வடமதுரைத் திருவிழாவில் தாமரை கண்ணாடி வளையல் கேட்டு அடம்பிடித்தாள். திண்டுக்கல் பஸ் வருவது தெரிந்தது. கடையிலேயே நின்று அவள் கையைப் பிடித்து அவசர அவசரமாகத் தள்ளினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவள் வாய்க்குள் அம்மம்மாவின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

“அப்பா, செத்த நில்லுங்க” என்றாள். “இன்னும் மேடு தாண்டல.”

பஸ் போய்விட்டது. நான் நின்றேன்.