கர்னல் கையிலிருந்த விசை

முதல் உலகச் சண்டை முடிஞ்சு பத்து வருஷம் கழிச்சு, பறக்கக் கத்துக்குடுக்க ஒரு நல்ல விமானம் வேணும்னு பிரெஞ்சு ராணுவம் ஏகமனதா தீர்மானிச்சுது. கம்பெனிக்காரங்களும் பாவம், நல்லாத்தான் செஞ்சாங்க. ரெண்டு அடுக்கு இறக்கை, ரெண்டு இருக்கை, ரெண்டு பேருக்கும் ஓட்டற தடி. வாத்தியார் பக்கம் ஒரு விசை. அதை இழுத்தா மாணவனோட தடி செத்துப்போகும், வாத்தியார் காப்பாத்திடுவார்.

அதைப் பாத்து ஒப்புதல் குடுக்கற ராணுவக் கமிட்டி மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டுக் கூடுச்சு. சாப்பாடுன்னா லேசுப்பட்டதில்ல, வாத்துக்கறி, மூணு வகை பாலாடைக்கட்டி, அதுக்குத் தக்க ஒயின். அந்த ஏப்பத்தோட ஒரு ஜெனரல் விசையைப் பாத்தார். வாத்தியாருங்க வெறும் சார்ஜென்ட். கத்துக்க வர்றவங்க பெரிய அதிகாரிங்க. கர்னல் கையை சார்ஜென்ட் தடுக்கறதாவது! 'மேற்படி விசை பதவியில் மூத்தவர் வசம் இருக்கத்தக்கது'ன்னு திருத்தம் வந்துது.

வாத்தியார் மத்யூரின் கெர்வெல்லா, உயிர் போயிடும்னு மனு போட்டார். மனுவுல மரியாதை குறைவுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

அவருக்கு வாய்ச்ச மாணவர் கர்னல் வோப்ரன், குதிரைப்படைக்காரர். அவர் குதிரை ஒரு தடவை ரொட்டிக்கடைக்குள்ள பூந்து... சரி, அந்தக் கதை வேற. அப்ப பாரிஸ்ல தோல் கோட்டு போட்ட விமானிங்களுக்குத்தான் மவுசு. கோட்டை முதல்ல தெச்சுக்கிட்டு, அப்புறம் பறக்க வந்தார் மனுஷன்.

மேல போனதும் கர்னல் விசையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டார், வாத்தியாரோட தடி செத்துப்போச்சு. கெர்வெல்லா பேசற குழாயில கெஞ்சினார்.

"ஐயா, மூக்கைத் தாழ்த்தாதீங்க."

"தாழ்த்தாம எப்படிய்யா இறங்கறது?"

"அது பீட்ரூட் வயல் ஐயா. விசையை விடுங்க."

"எனக்கே உத்தரவு போடறியா?"

"உத்தரவு இல்ல ஐயா, விண்ணப்பம்."

"அப்ப கீழ போய் எழுத்துல குடு."

கீழ போயிட்டாங்க, ரொம்ப சீக்கிரமா. விமானம் சுக்குநூறு. கெர்வெல்லாவுக்குக் கால் ஒடைஞ்சுது. கர்னலுக்கு மீசை கலைஞ்சுது.

விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். "இறங்கறப்ப நீ தடியைத் தொட்டியா?"

"தொட்டும் பிரயோஜனமில்ல ஐயா. விசை அவர்கிட்ட இருந்துது."

"அப்ப கர்னல் யார் உதவியும் இல்லாமத் தனியாத்தான் இறக்கியிருக்கார்."

தனியா இறக்கினவர் விமானி. சட்டம் அப்படித்தான் சொல்லுது. கர்னலுக்குச் சிறகுச் சின்னம். ஒரே பாடத்துல விமானியை உருவாக்கின கெர்வெல்லாவுக்கு மெடல். அவர்கிட்டயே கத்துக்கணும்னு மத்த கர்னல்களெல்லாம் வரிசையில நின்னாங்க.

மெடல் குத்தற அன்னிக்கு எங்க ஊரே திரண்டு போச்சு. கட்டுப்போட்ட காலோட கெர்வெல்லா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாங்க தட்டின கைதட்டல்ல அது யாருக்கும் கேக்கல.