நாற்பது நிமிடத் தீர்ப்பு

எங்கள் போர்ட்லண்டில் மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பவர் முதல் பார்வை அபிப்பிராயக்காரர். நம்ப மாட்டீர்களா? புது காமிக்ஸ் வரும் புதன்கிழமை என் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். பெட்டியைப் பிரிப்பதற்குள் வந்து நிற்பார். புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து விரலால் சரசரவென்று புரட்டுவார். மூன்று படம் பார்ப்பார். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, வரைந்தவர் பத்து வருஷமாக எங்கே சறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளக்குவார். வாங்குவாரா? அதெல்லாம் கேட்கக் கூடாது.

இந்த ரகத்தில் முதல் தரம் டெர்வின் ஹால்ஸ்டெட். அவர் வீடியோவில் உதிர்க்கும் அபிப்பிராயத்தை நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள். போன மாதம் அவரிடம் மாட்டியது நோரீன் புரூயிட்டின் வீடியோ கேம். பதினைந்து வருஷம் காமிக்ஸ் போட்ட நோரீனும் அவள் தம்பி கிளைடும் ஆறு வருஷம் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகக் கையால் வரைந்த ஆட்டம். சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது. முழுக்க முழுக்கக் கதை. முதல் வாரத்து வரவேற்பைப் பார்த்துத்தான் இரண்டாம் பாகம் என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வெளியீட்டன்று என் கடையிலேயே ஆட்டத்தைப் போட்டோம். டெர்வின் உட்கார்ந்தார். திரையில் ஒருத்தி வாயைத் திறந்தாள்; பொத்தானைத் தட்டினார், பேச்சு பறந்தது. இன்னொருவர் வாயைத் திறந்தார். மறுபடியும் ஒரு தட்டு. நோரீன் ஆறிப்போன காபியைப் பிடித்துக்கொண்டு அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க நோரீன். படமெல்லாம் பிரமாதம். ஆனா கதையில ஆழம் பத்தல.”

“வாசல்ல வந்து நின்னாரே ஒருத்தர், அவரைப் பத்தி என்ன தோணுச்சு?”

“யாரு, அந்தத் தபால்காரரா?”

“அது கதாநாயகியோட அப்பாங்க. பதினெட்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருக்காரு.”

“அடடே! அதைக் கதையில எங்கேயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொல்லித்தான்யா இருக்கோம்! நீதான் ஒருத்தரையும் பேசவே விடலியே!” என்று கிளைடு எகிறினான்.

எனக்கும் ஆத்திரம்தான். டெர்வின் மட்டும் கோபப்படவில்லை. படைப்பாளிகளுக்கு விமர்சனம் தாங்காது என்று பொறுமையாகக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. பாத்திரங்கள் மனசில் ஒட்டவில்லையாம். நாற்பதாயிரம் பேரும் ஆமாம் போட்டார்கள். அடுத்த வாரம் பதிப்பாளரிடமிருந்து இரண்டு வரிக் கடிதம். இரண்டாம் பாகம் கிடையாது.

நோரீன் கடைக்கு வந்து அழுதாள். பாவமாக இருந்தது. என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன்.

“விடுங்க நோரீன். அடுத்த ஆட்டத்துல கதையை இன்னும் கொஞ்சம் ஆழமா வெச்சுடலாம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நீங்க விளையாடிப் பாத்தீங்களா?”

நான் டெர்வினின் வீடியோவைத்தான் பார்த்திருந்தேன்.

சீ, இவரும் ஒரு மனுஷனா என்று என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நியாயம்தான். எத்தனையாவது வரியில் வந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.