முப்பத்தேழு டிகிரி மாப்பிள்ளை

ஆண்களில் ஒரு புது இனம் கிளம்பியிருக்கிறது, கவனித்தீர்களா? பழைய இனம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். மனைவியைப் பிரசவ அறைக்குள் அனுப்பிவிட்டு, வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சுவரில் ஒட்டியிருக்கும் தடுப்பூசி அட்டவணையை ஏழெட்டு முறை படித்துவிட்டு, கதவு திறந்ததும் "ஆணா, பெண்ணா?" என்று கேட்பதற்கு மட்டும் வாயைத் திறக்கும் அந்த அப்பாவி ஜீவன் இப்போது அருகிவருகிறது. அந்த இடத்துக்கு வந்திருப்பவர் வராந்தாவில் நிற்க மாட்டார். அறைக்குள்ளேதான் இருப்பார். கையில் ஒரு கோப்பு இருக்கும். "நாங்க கர்ப்பமா இருக்கோம்" என்று அலுவலகத்தில் அறிவித்து, கேட்டவர்கள் எல்லாம் தங்களை அறியாமல் அவருடைய வயிற்றை ஒரு தரம் பார்த்துக்கொள்ளும்படி செய்திருப்பார். குழந்தையைச் சுமப்பது மனைவி, பிரசவம் பார்ப்பது மருத்துவச்சி, பிரசவத்தைப் பற்றிப் பேசுவது இவர். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் உடன்பிரசவியார்.

இந்த இனத்திலேயே உயர்ந்த வகை ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர்ப் பிரசவ வகை. மனைவி வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து குழந்தை பெறப்போகிறாள் என்று முடிவானதும் இவருக்கு ஒரு தேஜஸ் வந்துவிடும். சும்மா கட்டிலில் படுத்துப் பெற்றுக்கொண்டவர்களைப் பார்த்து, 'பாவம், விவரம் தெரியாதவர்கள்' என்பதுபோல் ஒரு புன்னகை பூப்பார். தண்ணீரின் சூடு, ஆழம், தொட்டியின் அகலம், விளக்கின் நிறம் எல்லாம் அவர் விரல்நுனியில் இருக்கும். மனைவியின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். "இருடி, உனக்குக் கால் வீங்கியிருக்கா?" என்று உள்ளே குரல் கொடுத்துத்தான் தெரிந்துகொள்வார்.

இவ்வளவு தீர்மானமாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? நான் ஒரு அக்காக்காரி, என் தங்கையைக் கட்டியவர் இந்த வகை. நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். குடி கிடையாது, கோபம் கிடையாது. கட்டடங்களில் லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் உத்தியோகம். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு லிஃப்டும் ஒரு மாடி ஏற முடியாது. தங்கை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றபடி மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஐந்தாம் மாதத்திலேயே அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலி தொடங்கிவிட்டது. சாயங்காலம் வந்து வெந்நீரில் கொஞ்சநேரம் உட்கார்ந்தால்தான் முகத்தில் உயிர் வரும். அதனால் ஒருநாள் மருத்துவச்சியிடம், வலி வரும்போதும் வெந்நீரில் உட்காரலாமா, முடிந்தால் அதிலேயே பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்தம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தால் தாராளமாக இறங்கலாம், ஏதாவது சரியில்லை என்றால் மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும் என்றார். என் தங்கை கேட்டது அந்த வெந்நீர் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அதோடு அது அவள் விஷயமாக இருப்பது நின்றுபோயிற்று.

மாப்பிள்ளை படிக்க ஆரம்பித்தார். படித்ததையெல்லாம் அச்செடுத்தார். அச்செடுத்ததையெல்லாம் துளைபோட்டுக் கோப்பில் சேர்த்தார். இருபத்து மூன்று பக்கம், ஆறு நிறத்தில் பிரிப்புத் தாள்கள். இடுப்பை எந்தத் திசையில் தேய்க்க வேண்டும் என்பது ஒன்பதாம் பக்கம். மருத்துவச்சி தவறு செய்தால் எப்படிப் பணிவாகச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது பதினான்காம் பக்கம். முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிற அம்மாவுக்கு நாலு மாதப் படிப்பாளி பணிவாகச் சுட்டிக்காட்டுகிறாராம். கோப்பு முழுவதையும் நான் புரட்டிப் பார்த்துவிட்டேன். தங்கை என்ன கேட்டாள் என்று எழுதிய பக்கம் மட்டும் அதில் இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: தண்ணீருக்குள் பிறந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டாதா? நியாயமான கேள்வி. மருத்துவச்சி அதற்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னார்: வெளியே வந்து காற்றுப் படுகிறவரைக்கும் பிள்ளை தொப்புள்கொடி வழியாகத்தான் வாழ்கிறது, வந்ததும் நான் தூக்கிவிடுவேன். மாப்பிள்ளைக்கு அதே பதில் இருபத்தைந்து நிமிஷம் எடுக்கும். ஒரு வாளியும் ஒரு பிளாஸ்டிக் பொம்மையும் தேவைப்படும். குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரரை நிறுத்திவைத்து, பொம்மையை வாளிக்குள் அமுக்கித் தூக்கி, அமுக்கித் தூக்கி விளக்கியதில் அந்த மனிதர் குழாயை மறந்துவிட்டுப் போயே போய்விட்டார். குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று தங்கை சொன்னாள். அவள் எட்டு மாத வயிற்றோடு அதன் அடியில் பாத்திரம் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூச்சுப் பயிற்சி வகுப்பு என்று ஒன்று உண்டு. அதில் இந்த இனத்தைப் பார்க்க வேண்டும், கண்கொள்ளாக் காட்சி. பெண்களெல்லாம் கூச்சத்தோடு மெல்ல மூச்சிழுக்க, இவர்கள் ஊரையே ஊதித் தள்ளுகிறாற்போல் ஊதுவார்கள். எங்கள் மாப்பிள்ளை மூன்றாவது வகுப்பில் அந்த ஊது ஊதித் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். எட்டு மாதக்காரி ஒருத்தியும் ஒன்பது மாதக்காரி ஒருத்தியும் கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்கவைத்து விசிறினார்களாம். அன்றிலிருந்து தங்கை கொஞ்சம் பெருமூச்சு விட்டால்கூட, "மூச்ச விடும்மா, மூச்ச விடு" என்பார். "விட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்பாள் அவள். மூச்சு விடுவதற்கும் இவர் அனுமதி வேண்டுமென்றால் ஒரு பெண் எங்கே போவாள்?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்கு வலி எடுத்தது. நான் தங்கையைக் காரில் ஏற்றி உட்காரவைத்துவிட்டேன். மாப்பிள்ளை அரைமணி நேரம் மூட்டை கட்டினார். மூன்று வெப்பமானிகள், அதில் ஒன்று மஞ்சள் வாத்து, தண்ணீரில் விட்டால் மிதந்தபடியே வயிற்றில் எண்ணைக் காட்டும். எண்ணெய்க் குப்பி. மீன் தொட்டிக்கு வாங்குகிற சின்ன வலை ஒன்று. அது எதற்கு என்று கேட்காதீர்கள். தங்கையும் கேட்டாள், அவர் கோப்பில் பச்சைத் தாளைப் புரட்டிப் படித்துக் காட்டினார். நீச்சல் கால்சட்டையை உள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார். கூடத் துணைக்கு இறங்கினாலும் இறங்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறார்.

பிரசவ மையத்தில் நல்ல வெளிச்சமான அறை. நடுவில் இடுப்பளவு உயரத்தில் வட்டத் தொட்டி, பக்கத்தில் தரைவிரிப்பு, மூலையில் ஷவர் உள்ள குளியலறை. மருத்துவச்சி தொட்டியை நிரப்பி, தன் வெப்பமானியைப் போட்டுப் பார்த்து, சூடு சரியாக இருக்கிறது, வலி இன்னும் கொஞ்சம் கூடியதும் இறங்கிவிடலாம் என்றார். அதுவரை மாப்பிள்ளை ஒன்பதாம் பக்கத்தைப் பின்பற்றினார். முழங்கைவரை எண்ணெய் பூசிக்கொண்டு தங்கையின் இடுப்பைத் தேய்த்தார். அவள் கொஞ்சம் கீழே என்றாள். படத்தில் இங்கேதான் போட்டிருக்கிறது என்று அவர் மேலேயே தேய்த்தார்.

ஒரு மணிக்கு வலி நெருக்கிக்கொண்டு வந்தது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, பிள்ளையின் இதயத் துடிப்பையும் கேட்டுவிட்டு, "இப்ப இறங்கிக்கோம்மா" என்று சொல்லிப் பக்கத்து அறைக்குத் துண்டுகள் எடுக்கப் போனார். தங்கை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் மாப்பிள்ளை.

வாத்து முப்பத்தாறரை காட்டியது. கோப்பு முப்பத்தேழு என்றது. வெந்நீரைத் திறந்தார். இரண்டாவது வெப்பமானி முப்பத்தெட்டு என்றது. பச்சைத் தண்ணீரைத் திறந்தார். மூன்றாவது ஒன்றுமே சொல்லவில்லை, அதற்கு பேட்டரி இல்லை. தங்கை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இறங்கறேங்க, என்னால முடியல" என்றாள். முப்பத்தேழு வரட்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாப்பிள்ள, அவள விடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கருவிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பொறுப்புள்ள ஒரு சோதனை அதிகாரி என்ன செய்வார்? லிஃப்டில் ஆளை ஏற்றுவதற்குமுன் தானே ஏறிப் பார்ப்பார். பத்து வருஷத் தொழில் தர்மம். சட்டையைக் கழற்றினார், பேன்ட்டைக் கழற்றினார், முழங்கைவரை எண்ணெயோடு தொட்டிக்குள் இறங்கி, கழுத்தளவு அமிழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப நல்லா இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து மருத்துவச்சி உள்ளே வந்தார். தொட்டிக்குள் தகப்பன். மேலே எண்ணெய்ப் படலம். அதில் சுற்றிச்சுற்றி மிதக்கிறது வாத்து. வெளியே முழங்காலிட்டுக் கிடக்கிறாள் பெற்றெடுக்க வேண்டியவள். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"சார், எழுந்து வாங்க. இந்தத் தண்ணிய இனிமே வடிச்சு, தொட்டியக் கழுவி, மறுபடி நிரப்பணும். நாப்பது நிமிஷம் ஆகும்."

தங்கையிடம் நாற்பது நிமிஷம் இல்லை. அது அவளைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஐந்து மாதமாக அவள் எதிர்பார்த்திருந்த வெந்நீர் அவள் கண்முன்னால் 'களக் களக்' என்று துளை வழியே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் வலிக்கு அழவில்லை, அதைப் பார்த்துத்தான் அழுதாள். "அக்கா, எனக்குத் தண்ணி வேணுங்க்கா" என்றாள். எனக்கு அந்த மனிதரை அந்தத் துளை வழியாகவே அனுப்பிவிடலாம் போலிருந்தது.

மருத்துவச்சி அவளைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குள் கூட்டிப்போனார். ஷவருக்கு அடியில் பாயை விரித்து, ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் அவளைக் கவிந்து சாய்ந்துகொள்ளச் சொல்லி, வெந்நீரைத் திறந்து, சரியாக அவள் இடுப்பின் அடிப்பாகத்தில் விழும்படி திருப்பினார். தன் முழங்கையை நீட்டிச் சூடு பார்த்தார், அவ்வளவுதான். ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் என் தங்கையின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். "கதவச் சாத்துக்கா" என்றாள். சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன், அது என் சொந்த யோசனை.

வெளியிலிருந்து எத்தனை டிகிரி என்று ஒருமுறை குரல் வந்தது. பிறகு தொட்டியைத் தேய்க்கிற சத்தமும் குழாய் திறக்கிற சத்தமும் வந்தன. உள்ளே மருத்துவச்சி நடுநடுவே பிள்ளையின் துடிப்பைக் கேட்டார், சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார், மற்ற நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான்தான் வாய் சும்மா இருக்காமல் "மூச்ச விடுடி, மூச்ச விடு" என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன். மூன்றாவது தரம் அந்தம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்று ஐம்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஷவரை நிறுத்தி, துண்டில் வாங்கி, தாயின் நெஞ்சில் வைத்தார்கள். வைத்த நிமிஷமே வீறிட்டு அழுதது. அந்த அழுகையோடு சேர்ந்து கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"முப்பத்தேழு வந்துடுச்சும்மா! கரெக்டா முப்பத்தேழு! இப்ப நீ இறங்கலாம்!"

தங்கை குழந்தையைப் பார்த்துக்கொண்டே, "அவரையே இறங்கச் சொல்லுக்கா" என்றாள்.

மருத்துவச்சி சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதற்கப்புறமாவது மனிதருக்கு உறைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் கோப்பு முப்பத்தொரு பக்கமாகிவிட்டது. "நாங்க தண்ணியில பெத்தோம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். ஷவரும் தண்ணீர்தானே, பொய் என்றும் சொல்ல முடியாது. தன் அலுவலகத்தில் தகப்பனாகப்போகிற இரண்டு பேருக்குக் கோப்பைப் படிக்கக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு வீட்டுப் பெண்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இப்போது குழந்தைக்கு மூன்று மாதம். தினமும் காலையில் குழந்தையின் குளியல் தொட்டியில் மாப்பிள்ளை வாத்தை மிதக்கவிட்டுச் சூடு பார்க்கிறார். அதில் ஒரு நாள் தவறியதில்லை. எண் சரியாக வந்ததும், "ரெடி, வந்து குளிப்பாட்டு" என்று குரல் கொடுத்துவிட்டுத் துண்டால் தன் கையைத் துடைத்துக்கொள்கிறார். தங்கை இடுப்பைப் பிடித்தபடி வந்து குனிகிறாள். வலி இன்னும் போகவில்லை. ஒரு நாளாவது நீங்க குளிப்பாட்டுங்களேன் என்று அவள் கேட்டதை அவர் கேட்கவில்லை. அப்போது வாத்து அரை டிகிரி குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சந்தோஷம். இவ்வளவு நேரம் இதைச் சத்தம் போட்டு வீட்டில் மனைவிக்குப் படித்துக்காட்டி, இந்தாளைப் பார்த்தாயா, எப்படியெல்லாம் இருக்கிறார்கள் என்று நடுநடுவே விளக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? முதல் பக்கம் படிக்கும்போது அவள் ஏதோ கேட்டாள். நீங்கள் "ஒரு நிமிஷம்மா" என்றீர்கள். என்ன கேட்டாள் என்று நினைவிருக்கிறதா?