வரையாமல் விட்ட நாலாவது பெருக்கி

‘திரையில் ஓடியதே’ என்றொரு இனம் இருக்கிறது. மின்சுற்று வரைகிறவர்கள் நடுவே அது செழித்து வளரும். செய்து முடித்த மின்பலகையில் புகை வந்தால் நீங்களும் நானும் பலகையைப் பார்ப்போம். இவர்கள் கணினியைப் பார்ப்பார்கள். அங்கே புகை இல்லையா? அப்படியானால் புகையே இல்லை.

கெய்ரோவில் எங்கள் பட்டறையின் வஜ்தி அசல் வித்து. ஒரு கையில் மொச்சை மசித்து வைத்த ஃபூல் சாண்ட்விச், மறு கையில் மவுஸ். திரையில் அலை வழவழவென்று ஓடிவிட்டால், பிறந்த பிள்ளையைக் காட்டுகிற தகப்பனைப்போல் அறை அறையாகப் போய் எல்லோரையும் இழுத்து வந்து காட்டுவார்.

ஃபயூம் என்ற ஊரில் ஹக்கா சப்ரிய்யா என்ற அம்மாள் வாத்து முட்டைகளைச் சூட்டறையில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறார். மூன்று அறை, மூவாயிரம் முட்டை. அறைச் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி கேட்டார். வஜ்தி எடுத்துக்கொண்ட சிப்புக்குள் நாலு பெருக்கிகள், சன்னமான மின்குறியைப் பெரிதாக்கித் தருகிறவை. அறைக்கு ஒன்றாக மூன்றைத் திரையில் வரைந்தார், கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார், மகிழ்ந்தார்.

பக்கத்து மேஜை நெர்மின் கேட்டாள்: “நாலாவத என்ன பண்ணினீங்க?”

“வரையவே இல்லையேம்மா! வரையாதது எப்படித் தொல்லை பண்ணும்?”

“அதுவும் அதே சிப்புக்குள்ளதான குடியிருக்கு? அதோட கம்பிக் கால எதோடயும் சேக்காம சும்மா தொங்கவிட்டா தன்னால ஆடும். பக்கத்துல இருக்கிறதையும் சேத்து ஆட்டும்.”

“திரையில ஆடலையே!”

பெட்டி ஃபயூம் போனது. மூன்றாம் நாள் தொலைபேசி அலறியது, வஜ்தியும் நெர்மினும் நானும் ஓடினோம். ஹக்கா ஒரு முட்டையைத் தன் கண்ணிமையில் ஒற்றிக்கொண்டு நின்றார். சூடு பார்க்க அவருக்கு அதுதான் கருவி.

“பாஷ்முஹந்திஸ், இன்ஜினியர் ஐயா, முட்டை கொதிக்குது.”

வஜ்தி முட்டைத் தட்டின் மேலேயே மடிக்கணினியைத் திறந்தார். “வாய்ப்பே இல்ல ஹக்கா. பாருங்க, முப்பத்தேழரை டிகிரி!”

“அது உன் பொட்டிக்குள்ள இருக்கிற முட்டை, மகனே. என் முட்டை இங்க இருக்கு. இந்தா, நீயே பாரு.”

வாங்கி இமையில் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். அந்த மனிதர் முகத்தில் நான் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன். மூவாயிரம் உயிர் அல்லவா? அடுத்த நொடி அவரே ஓடி ஹீட்டரின் இணைப்பைப் பிடுங்கி, ஜன்னல்களைத் திறந்து, ஹக்காவோடு சேர்ந்து முட்டைகள்மேல் தண்ணீர் தெளித்தார்.

நெர்மின் பெட்டியைத் திறந்து, கொதித்த சிப்பைத் தொட்டு விரலை உதறினாள். தொங்கிய கால்களுக்கு இரண்டு துண்டுக் கம்பிகளைப் பற்றவைத்து நாலாவதைக் கட்டிப்போட்டாள். பெட்டியின் முகப்பில் துள்ளிக்கொண்டிருந்த சூட்டு எண்கள் அடங்கின.

இருநூறு முட்டை வீண். மற்றவை பிழைத்தன.

வஜ்தி என்ன செய்தார்? மூலையில் உட்கார்ந்து நாலாவதையும் வரைந்தார், கம்பி உட்பட. ஓட்டினார். முகம் மலர்ந்தது. “நெர்மின், நீ பண்ணினது சரிதான். இப்பத்தான் திரையில பாத்தேன்!”

போன வாரம் பெயரை மாற்றி இதை அவருக்கே படித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “இவன எனக்குத் தெரியுமே! எங்க பழைய ஆபீஸ்ல இருந்தான்” என்றார்.

சரி, நீங்கள் இவ்வளவு நேரம் யாரை நினைத்துச் சிரித்தீர்கள்?