நவநாள் இங்கிலீஷ்

அறுபத்தாறாம் வருஷம் வியட்நாமில், சைகோனில் ஒரு சபதம் செய்தேன். ஒரே மாதத்தில் இங்கிலீஷ் பேசிக் காட்டுவேன்.

வேறு வழியில்லை. காரைக்காலிலிருந்து வந்து, பிரெஞ்சுக்காரனிடம் குமாஸ்தாவாகத் தலை நரைத்தவன் நான். அவன் கப்பலேறிவிட்டான். இப்போது ஊர் முழுக்க அமெரிக்கன். அவன் ஆபீஸ் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள், இங்கிலீஷில் வாய்ப் பரீட்சை உண்டு என்று அடுத்த வீட்டு இக்னாஸ் சொன்னான். அங்கே அவன் டிரைவர்.

என் மனைவி ஜோசெட் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏங்க, நானும் போய்ப் பாக்கட்டுமா?"

"எதுக்கு?"

"வேலைக்குத்தான்."

"வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் போதும். நீ மீனைக் கழுவு."

கழுவினாள்.

எனக்கு வார்த்தைகள் தெரியும். வரிசைதான் வராது. தமிழ் வினையைப் பின்னால் தள்ளும். பிரெஞ்சு நிறத்தைப் பின்னால் தள்ளும். இரண்டும் பழகியவனுக்கு முன்னால் வைக்க என்ன மிச்சம்? "ஐ கோட் பிளாக் ஹேவ்" என்பேன்.

ஆகவே சாயங்காலம் தோறும் ஒத்திகை. ஜோசெட்தான் துரை. புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள். நான் நின்று பதில் சொல்வேன்.

"தப்பு. ஹேவ் முன்னாடி வரணும்."

"அவசரப்படாதே. வந்துக்கிட்டிருக்கு."

"அது வரதுக்குள்ள துரை சாப்பிடப் போயிடுவாரு."

"கால் வலிக்குது. உக்காந்து சொல்லட்டுமா?"

"துரை முன்னால உக்காருவாங்களா? நில்லுங்க."

கேள்வி கேட்பது அவளுக்கு நன்றாக வந்தது. தமிழில் இருபத்தைந்து வருஷப் பழக்கம்.

ஒருநாள் காலையில் நல்ல புடவை கட்டிக் கிளம்பினாள்.

"எங்கே?"

"கோயிலுக்கு. உங்க வேலைக்காக மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபம், நவநாள் நேர்ந்திருக்கேன்."

மனசு குளிர்ந்தது. அன்று அரிசியை நானே களைந்தேன். ஒன்பது நாளும் களைந்தேன். பத்தாம் நாளும் கிளம்பினாள்.

"நவநாள் முடியலையா?"

"உங்க இங்கிலீஷுக்கு ஒரு நவநாள் போதாதுங்க."

நியாயம்தான். களைந்தேன்.

பரீட்சை நாள் வந்தது. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே அமெரிக்கத் துரை ஓரமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். கேள்வி கேட்கும் நாற்காலியில் ஜோசெட்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள். என்னிடம்!

ஒரு மாத வரிசையும் கலைந்தது.

"யூ ஹியர் வொய் கேம்?" என்று கத்திவிட்டேன்.

துரைக்குச் சிரிப்பில் புரையேறியது. ஜோசெட் சிரிக்கவில்லை. காகிதத்தில் என் பெயர் மேல் ஒரு கோடு கிழித்தாள். பிறகு தணிந்த குரலில் தமிழில் சொன்னாள்:

"வர்றவங்களைக் கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும்னு இக்னாஸ் சொன்னாரு. நீங்கதான் தினம் பழக்கி விட்டீங்களே."

"அப்போ நவநாள்?"

"பஸ் கோயிலைத் தாண்டித்தான் வருது. சிலுவை போட்டுக்குவேன்."

"என் வேலை?"

"வீட்டுக்கு ஒரு இங்கிலீஷ் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"நெக்ஸ்ட்!"

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவினேன்.