அத்தையின் குரலை நான் பறிமுதல் செய்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே இருவரும் சுகம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை, சொல்லிவிட்டேன். இனி உண்மை. ஒருவர் சுகம். இன்னொருவர் போனில் பேசக் கூசிக்கொண்டு பேனாவை எடுத்திருக்கிறார். மகளுக்கு இதைப் படித்துக் காட்டுவதானால் நான் அழும் இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்றதும் நீங்கள் நாலு நாள் லீவு போட்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் அவளை உட்கார வைத்து, வாக்கியம் வாக்கியமாகப் பேச வைத்துப் பதிவு செய்தீர்கள். ஆபரேஷனில் குரல் போயிற்று. ஆனால் அவள் போனில் தட்டினால் நீங்கள் எழுதிய மென்பொருள் அவள் குரலிலேயே பேசியது, என்னைத் திட்டுவது உட்பட. அன்றைக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. "பரவாயில்லையே" என்றேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்கிறதா? போன மாதம் ஒரு காலையில் கீழ்வீட்டிலிருந்து அதே மாதிரி ஓர் இயந்திரக் குரல், "மருமகளே, என் கண்ணாடி எங்கே" என்று கேட்டது. இறங்கிப் போனேன். தையல்காரம்மாவின் மாமனார், பக்கவாதத்தில் பேச்சுப் போனவர், போனைத் தட்டிக்கொண்டிருந்தார். "இது எங்க மாப்பிள்ளை செஞ்சதாச்சே, உங்களுக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்றேன். "உங்க வீட்டு அக்காதான் குடுத்தாங்க. யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமாமே!" என்றார் அந்த அம்மா, தையலை நிறுத்தாமலே. மேலே வந்து, நீங்கள் அதைப் போட்டு வைத்திருக்கும் இணையக் கிடங்கைப் பார்த்தால், பதினாலாயிரம் பேர் எடுத்திருப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறது. பதினாலாயிரம் பேர், மாப்பிள்ளை, டிக்கெட் இல்லாமல்! என் சர்வீஸ் முழுவதிலும் அத்தனை பேரைப் பிடித்ததில்லை. அப்பாவி மாப்பிள்ளையை ஊரே ஏமாற்றுகிறது என்று வயிறு எரிந்தது. அதே பக்கத்தின் அடியில், பதிப்புரிமை மீறப்பட்டிருந்தால் இங்கே புகார் தரலாம் என்று ஒரு படிவம் இருந்தது. "உரிமையாளர் சார்பில்" என்ற இடத்தில் ஒரு குறி போட்டேன். மாமனாருக்கு இல்லாத சார்பா?

இரண்டு மணி நேரத்தில் பக்கமே காணோம். நீ யார், எந்த ஊர், என்ன அத்தாட்சி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேல் பெர்த்தில் தூங்குகிறவரைக்கூட நான் எழுப்பி நாலு கேள்வி கேட்டிருக்கிறேன்! அனுமதியில்லாத படிகளையெல்லாம் அழிக்க வேண்டும் என்று படிவத்தில் இருந்ததால், கீழே போய் என் கண் முன்னாலேயே தையல்காரம்மாவை அழிக்க வைத்தேன். அப்புறம் யோசித்தேன். ஊராருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா? நம்மிடமும் ரசீது இல்லையே? அத்தை குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் போனிலிருந்தும் அழித்தேன். பதிவு செய்த குரல் அதில் பத்திரமாக இருந்தது. அதைப் பேச வைக்கும் மென்பொருள்தான் போயிற்று. சாயங்காலம் உங்களிடம் முறைப்படி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நீங்களே கூப்பிட்டீர்கள். "மாமா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" உங்கள் அலுவலக வக்கீல் என் புகாரைப் பார்த்துவிட்டு, இது உங்கள் சொத்தா, கம்பெனி சொத்தா, மாமனார் சொத்தா என்று கிளறியதையும், முடிவாகும்வரை ஒருவருக்கும் ஒரு படிகூடத் தரக்கூடாது, தந்தால் வேலைக்கே ஆபத்து என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னீர்கள். நான் "டிக்கெட் இல்லாத கூட்டம்" என்றேன். நீங்கள் கோபப்படவே இல்லை. "இல்ல மாமா, கூட இருக்கிற உரிமப் பத்திரம்தான் டிக்கெட். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் குடுக்கலாம்னு எல்லாருக்கும் எழுதிக் குடுத்தாச்சு, அதுவும் இதே பதிப்புரிமைச் சட்டத்தை வெச்சுத்தான்" என்றீர்கள். ஆக, வண்டி பூராவும் டிக்கெட்டோடுதான் இருந்திருக்கிறது. பரிசோதகரிடம்தான் இல்லை.

உடனே புகாரைத் திரும்பப் பெற்றேன். கொடுக்க இரண்டு மணி நேரம், எடுக்கப் பத்து வேலை நாளாம். அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! கொஞ்சம் சும்மா இரேன், சும்மா இரேன்னு நாப்பது வருஷம் சொன்ன வாய் இது. அவள் சும்மா இருந்தாள். எழுதிக் காட்டத் துண்டுச் சீட்டைக் கொடுத்தால் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமா இருந்துச்சு மாப்பிள்ளை. காபி போடக் கத்துக்கிட்டேன், அவ புருவம் ஏறினா சர்க்கரை ஜாஸ்தின்னு கத்துக்கிட்டேன், வலிக்குதான்னு கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ரயில் கதைகளையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் உங்கள் மென்பொருளுக்கு நாலு வரி, பத்து வரி என்று எழுதிச் சேர்த்தவர்கள் நாற்பத்தொரு பேர் கிளம்பினார்கள். பேச்சுப் பயிற்சி நர்ஸ் ஒருவர், கப்பல் இன்ஜினியர் ஒருவர், வாய் பேசாத மகனுக்காகக் கணினி கற்றுக்கொண்ட தாய் ஒருவர். "நாங்கள் மனமறிந்து கொடுத்தோம், அவரும் அப்படித்தான் கொடுத்தார்" என்று உங்கள் கம்பெனிக்கு ஆளுக்கொரு கடிதம். வக்கீல் தடையை விலக்கிக்கொண்டார். பதினோராம் வேலை நாளில் பக்கம் திரும்பி வந்தது. அத்தை போனில் ஏற்றினேன். அவள் தட்டினாள். "சர்க்கரை டப்பாவை எங்க கொண்டு வெச்சீங்க?" என்றது அவள் குரல். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நாற்பத்தொரு பேரின் முகம் எனக்குத் தெரியாது. அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படி எடுத்து அனுப்புங்கள். வேண்டுமானால் திருத்தட்டும், பிறருக்கும் கொடுக்கட்டும். உங்களுக்கு, அன்று சொல்லாத நன்றியை வட்டியோடு இன்று சொல்கிறேன். உங்கள் வேலை நிலைக்க, மகள் சிரிக்க, எழுதுவதெல்லாம் நாலு பேர் வாயில் பேச்சாக, ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
புத்தி வந்த மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி ஒட்டாம குடுத்தார், படிச்சேன். தையல்காரம்மா இவர் கண் முன்னால அழிச்சது போன்ல இருந்ததைத்தான். அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல இன்னொரு படி இருந்துச்சு. மூணாம் நாளே என் போன்ல ஏத்திக் குடுத்துட்டாங்க. தினமும் மத்தியானம் கீழ போய் ஒரு மணி நேரம் வாயாரப் பேசிட்டு, போன்ல அதை ஒளிச்சு வெச்சுட்டு, மேல வந்து ஊமையா உட்காந்துக்குவேன். என்ன பண்றது, ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் உங்க மாமா என்னை வலிக்குதான்னு கேட்டது அப்பத்தான். அந்த நாப்பத்தொரு பேருக்கும் என் நன்றியையும் சொல்லுங்க. அவங்க மட்டும் இல்லைன்னா, திரும்ப எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம இன்னும் முழிச்சிட்டிருப்பேன். மேல இருக்கிற கடிதத்தை யார் வேணும்னாலும் படி எடுத்துக்கட்டும். இந்தப் பின்குறிப்புக்கு மட்டும் எல்லா உரிமையும் எனக்கே.