பைக்குக் கட்டிய லைஃப் ஜாக்கெட்

பம்பூஃபிளாட்,
ஜூலை 17.

அன்புத் தங்கை ஆக்சிலியாவுக்கு அண்ணன் பிரகாசம் எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் மதினி செல்வம்மாளும் சோனியாவும் சுகம். தூத்துக்குடியில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று ராத்திரி ஜெபத்தில் உங்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கிறேன். மாப்பிள்ளையின் மூட்டு வலிக்கும் தனியாக ஒரு மன்றாட்டு உண்டு. இங்கே மழை மே மாதக் கடைசியில் பிடித்தது, இன்னும் விடவில்லை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். நான் போனைக் கையில் எடுத்தால் உன் மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்கிறாள். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் இரண்டு திருத்தம் சொல்கிறாள். நான் சொல்ல வந்ததோ வீட்டுப் பிரச்சினை. ஆகவே அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

சோனியாவுக்கு வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். போர்ட் பிளேர் டவுனில் ஒரு டூரிஸ்ட் கம்பெனி. வருகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட், ஓட்டல் ரூம் எல்லாம் போட்டுக் கொடுப்பார்கள். லேப்டாப்பும் அவர்களே கொடுத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து ராத்திரி ஏழு மணிக்கும் யாராவது கேள்வி கேட்பார்களாம், அதனால் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து காலையில் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கொடுத்தவர்கள் பை கொடுக்கவில்லை. இங்கேயிருந்து சாத்தம் ஜெட்டிப் படகுத்துறைக்கு வண்டிகளும் ஏற்றும் அந்த ஃபெரிப் படகில்தான் போகவேண்டும். மேலே மழை, பக்கத்தில் சாரல், காலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள் வழியவிட்ட தண்ணீர். இதற்கு நடுவில் கம்பெனி லேப்டாப்! நானோ முப்பத்தோரு வருஷம் இதே துறைமுகத்தில் கயிறு பிடிப்பவனாகச் சேர்ந்து, படகு ஓட்டும் சாரங்காக ஓய்வு பெற்றவன். தண்ணீர் எந்தப் பக்கமாக வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஓய்வு பெற்று எட்டு மாதமாக வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், முதல் நாளிலிருந்தே லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் பழைய கிட் பேக்கில் வைத்து, நானே தோளில் மாட்டிக்கொண்டு சோனியாவோடு படகேறி, சாத்தத்தில் இறங்கி, பஸ் பிடித்து, ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் முன்னால் அவள் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நாலரைக்கே போய் அதே வாசலில் நின்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சோனியா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, இப்படி தினம் போயிட்டு வர எனக்கு ஒத்துவரல. கூட வேலை பாக்குற பொண்ணு டவுன்ல ரூம் எடுத்திருக்கா. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதியிலிருந்து நானும் அங்க போறேன்" என்றாள். ஏன்மா என்றேன். சோற்றைக் கிளறிக்கொண்டே, "லேப்டாப் நனையுதுப்பா" என்றாள். "நனையாத மாதிரி ஒரு பை வாங்கித் தந்தா?" என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆக்சிலியா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எங்களுக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் உன் மதினியும் டிவியும்தான். டிவி ரிமோட்டும் செல்வம்மாளிடம்தான் இருக்கும். பிள்ளை ஒரு மணி நேரப் பயணத்தில்தானே இருப்பாள் என்று உன் மதினி சொல்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

மறுநாளே அபர்தீன் பஜாரில் நாகலிங்கம் கடைக்குப் போனேன். பரமக்குடிக்காரர், பெட்டி பை வியாபாரம். முதுகில் மாட்டும் பை வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஃபெரியில் முதுகுப் பக்கம் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது, எவனாவது மீன் கூடையை அதன்மேல் சாய்த்துவிடுவான். தோளில் குறுக்காக மாட்டி வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொள்கிற பைதான் சரி. மெசஞ்சர் பேக் என்று ஒன்றை எடுத்துப் போட்டார். மழைக்குத் தாங்குமா என்றேன். "கண்ணை மூடிக்கிட்டு கொண்டுபோங்கண்ணே" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வழக்கம் நமக்கு ஏது? கடைக்குப் பின்னாலிருந்த குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடித்து, உள்ளே அன்றைய தினசரியை வைத்து, ஜிப்பை மூடி, மேலே ஊற்றினேன். பேப்பர் கூழாகிவிட்டது. அது அவர் இன்னும் படிக்காத பேப்பராம். "மழை தாங்கும்னுதான்ணே சொன்னேன். வாளி தாங்கும்னா சொன்னேன்?" என்று கத்தினார். நனைந்த பையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இப்போது உன் மதினியின் தேங்காய்ப் பை.

அதன் பிறகுதான் உனக்கு எழுதியது. ஆன்லைனில் போட்டால் எங்கள் பின்கோடுக்கு வராது என்கிறான், உங்கள் பின்கோடுக்கு இரண்டே நாளில் கொண்டுவந்து வைக்கிறான். நீயும் நல்ல பையாக வாங்கி, ஊருக்கு வந்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பென்னி கையில் கொடுத்தனுப்பினாய். உன் நல்ல மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனாலும் மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வருகிற பை காலியாக வரக்கூடாது என்கிற நம் வழக்கத்தை இந்த ஒரு தடவை நீ விட்டிருக்கலாம். லேப்டாப் வைக்கிற மெத்தை அறை இருக்கிறதே, அதில் கச்சிதமாக இரண்டு கிலோ மக்ரூன் அடுக்கியிருந்தாய். பென்னி சென்னைக்கு ரயிலில் வந்து, அங்கேயிருந்து மூன்று நாள் கப்பலில் வந்தான். நடுக்கடலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் மக்ரூன் முழுவதும் நொறுங்கி இனிப்பு ரவையாகிவிட்டது. பென்னியும் தன் பங்குக்கு மூடி சரியாக மூடாத தேங்காய் எண்ணெய் பாட்டிலை முன் அறையில் வைத்திருந்தான். நாங்கள் உதறினோம், துடைத்தோம், வெயில் இல்லாததால் மின்விசிறியில் காயவைத்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எறும்புக்குத் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை படகு பாதி வழி போகும்போது என் கழுத்தில் முதல் கடி. நான் பையை விடவில்லை. ஆபீஸ் வாசலில் ஒப்படைக்கும்வரை ஆடிக்கொண்டே போனேன். அன்றைக்கு சோனியாவின் மேனேஜர் சந்திரமோகன் லேப்டாப்பில் ஏதோ கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறார். கீபோர்டின் இடுக்கிலிருந்து எறும்புகள் வரிசையாகக் கிளம்பி அவருடைய டீ கப்புக்குப் போயிருக்கின்றன. "உங்க வீட்ல லேப்டாப்ப எங்கம்மா வைப்பீங்க, சர்க்கரை டப்பாலயா?" என்று கேட்டாராம். சாயங்காலம் வரும்போது சோனியா படகில் என்னைவிட்டுத் தள்ளி, ஒரு ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். எறும்புக்குப் பயந்து நிற்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பையை மறுபடி கழுவி, ஓரமெல்லாம் மஞ்சள்தூள் தூவி, எறும்பை ஒழித்தோம். நல்ல பைதான் ஆக்சிலியா, பொய் சொல்லக்கூடாது. அகலமான வார், ஜிப்புக்கு மேலே மடிப்பு, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. இப்போது நான் சொல்லப்போவதில் பையின் தப்பு எதுவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நல்ல காற்று. சோனியாவுக்குப் பத்து மணிக்கு முக்கியமான மீட்டிங், டில்லியிலிருந்து ஆள் வந்திருந்தது. படகு ஆடிய ஆட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் என்மேல் சாய்ந்தது. நான் பையோடு விழுந்தால் லேப்டாப்பின் கதி என்ன? முப்பத்தோரு வருஷம் என்ன செய்தேனோ அதையே செய்தேன். படகில் அசையக்கூடிய எதையும் கட்டிவைப்பதுதான் எங்கள் தொழில். கயிறு ஒன்று எடுத்துப் பையைப் படகின் ஓரக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். என்னிடம் வேலை பழகிய ஈஸ்வரன்தான் இப்போது அந்தப் படகில் இருக்கிறான். அவனிடம் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிப் பைக்குப் போட்டு, அதன்மேல் இன்னொரு கட்டுப் போட்டேன். பக்கத்திலிருந்த ஒரு இந்திக்காரர், "அரே தாதா, பைக்கு ஜாக்கெட்டு, பேட்டிக்கு ஒண்ணும் இல்லியா?" என்று மகள் சோனியாவைக் காட்டிக் கேட்டார். படகே சிரித்தது. என் மகளுக்கு நீந்தத் தெரியும், லேப்டாப்புக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சாத்தம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். என் கட்டு அவிழவில்லை. நனைந்த கயிறு இறுகினால் இரும்பு. பல்லால் கடித்துப் பார்த்தேன். ஈஸ்வரன் ஒரு சின்னக் கத்தியோடு வந்து, "சாரங், வாரை அறுத்திரட்டா? அதுதான் சுளுவு" என்றான். வாரை அறுத்தால் பை எதற்கு? நான் பைமேல் விழுந்து தடுத்தேன். இதற்குள் சாத்தம் பக்கத்து வண்டிகள் ஏறிவிட்டன, விசிலும் ஊதிவிட்டார்கள். படகு கிளம்பியது. நானும் பையும் படகில், சோனியா ஜெட்டியில். "அப்பா! பை!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நான் போட்ட கட்டு, நானே அவிழ்க்க முடியாத கட்டு! ஈஸ்வரன் மட்டும், "சாரங் கட்டுன்னா சாரங் கட்டுதான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பம்பூஃபிளாட்டில் அரிவாள் வாங்கிக் கயிற்றை அறுத்து, அடுத்த படகில் திரும்பி, ஓட்டமும் நடையுமாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். மீட்டிங் நடக்கிற அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். பைக்கு இன்னும் ஆரஞ்சு ஜாக்கெட். என் வேட்டியிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டுகிறது. டில்லிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். சந்திரமோகன், "யார் இவரு?" என்றார். சோனியா எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது, மீட்டிங்குக்கு லேப்டாப் வரவில்லையே என்ற கவலை, பாவம். பிறகு, "எங்க அப்பா சார்" என்றாள்.

அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. உன் மதினியோ, "அவ என்ன எல்கேஜி புள்ளையா? ஏன் இப்படி படுத்துதிய?" என்று என்னைத்தான் திட்டுகிறாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. ஆகவே நீ உடனே இன்னொரு பை வாங்கவேண்டும். கேட்டுக்கொள்: தண்ணீருக்குள் முக்கினாலும் உள்ளே போகாத ரகம், வாயைச் சுருட்டி மூடுகிற மாதிரி. நிறம் ஆரஞ்சு, கடலில் விழுந்தால் தூரத்திலிருந்தே தெரியவேண்டும். சோனியா கறுப்புதான் கேட்பாள், நீ காதில் போட்டுக்கொள்ளாதே. கம்பியில் மாட்ட ஒரு கொக்கி, ஒரு கையால் கழற்றுகிற மாதிரி. வாரின் நீளம் முக்கியம், என் உயரம் ஐந்தடி ஏழு, தோளிலிருந்து இடுப்பு வரை இருபத்திரண்டு அங்குலம், வலது தோள் கொஞ்சம் இறக்கம், அதற்கேற்றபடி பார். உள்ளே ஒரு மக்ரூன்கூட வேண்டாம், என்மேல் சத்தியம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு, உன் நலம் நாடும் அண்ணன்,
பிரகாசம்.

பி.கு.: பை வாங்கவேண்டாம். தபால்தலை இல்லாமல் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தேன், நேற்று சோனியா படித்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தைக்கு எதுக்குப்பா உங்க தோள் அளவு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். நான்தானே சுமக்கிறேன் என்றேன். "அதாம்பா" என்றாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அத்தை அனுப்பின பையே நல்லாதான் இருக்கு. அத என் தோள்ல நான் மாட்டிட்டுப் போகணும். போட்ல என் வயசுப் பொண்ணுங்க எல்லாம் தனியா வருது. எனக்கு மட்டும் கூடவே ஒரு சாரங். லேப்டாப் நனையுதுன்னு சொன்னது சும்மாப்பா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். செல்வம்மாள் அடுப்படியிலிருந்து, "நான் ஒன்றரை மாசமா இதத்தான சொல்லுதேன்" என்றாள். ரூம் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறாளாம். நான் ஜெட்டிப் பக்கம் வந்தால் மறுபடி வேண்டும் என்று சொல்லிவிடுவாளாம்.

இன்று காலையில் அவள் தனியாகத்தான் போனாள். நல்ல மழை. நான் வாசலைத் தாண்டவில்லை, வாசலிலேயே முப்பது தடவை நடந்தேன். ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. "லேப்டாப் நனையலப்பா" என்றாள். இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "நீ நனைஞ்சியாம்மா?"

"தொப்பலா நனைஞ்சிட்டேன்பா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டது.